இருபத்தெட்டாவது சுற்று

குழாய்மேல் நீலப் பேனாவில் எழுதினேன்:
செங்கமலம், 46, இடது கண்.
கொரடாச்சேரிப் பக்கம்.
சம்பா அறுப்பில் நெல் சுணை பட்டதாம்,
மூன்று நாள் தாய்ப்பால் விட்டுப் பார்த்திருக்கிறார்கள்.

போன வருஷம் வரை
தட்டில் பூஞ்சை வளரக் காத்திருப்போம்.
சாம்பல் பச்சையாய் அது பூப்பதற்குள்
கண்ணில் வெள்ளை விழுந்துவிடும்.
இப்போது ஒரு துளி போதும்.
சூடு, குளிர், மறுபடி சூடு.
திரையில் கோடு படுத்தே கிடந்தால்
மருந்துக்கு அடங்கும்.

இருபத்தெட்டாவது சுற்றில்
எழுந்து நின்றது.

அடங்காத மருந்தின் பெயரைப் படித்தேன்.
அதன் பங்காளி எனக்குத் தெரிந்ததுதான்:
திருவாரூருக்குத் தெற்கே எங்கள் மூன்று மாவில்
இலையுறை அழுகலுக்குத் தம்பி அடிப்பது.
வருஷத்துக்கு இரண்டு தரம்,
மழை பிடித்தால் மூன்று.
அப்படி ஏதோ ஒரு வரப்பில்
பாடம் கேட்டுவிட்டுத்தான்
இவள் கண்ணுக்கு வந்திருக்கிறது.

வார்டுக்குப் போன் போட்டேன்.
"அந்தச் சொட்டு வேண்டாம் டாக்டர், மாத்திருங்க."
மணி ஒன்று பத்து.
காலையில் சேர்த்தவளுக்கு
மகன் இன்னும் சாப்பாடே கொண்டுவரவில்லையாம்.

தம்பியிடம் சொல்லலாம்.
கதிர் பதரானால் கடனை யார் கட்டுவது என்பான்.
அவன் கேட்பதும் நியாயம்தான்.

கையுறையைக் கழற்றினேன்.
விரல்கள்
ஊறிய அரிசி மாதிரி வெளுத்திருந்தன.