நடுப்பற்கள்

லாரன்ஸ் ரோட்டு மாடியில்
பல்செட் செய்கிறேன்.
டாக்டர்கள் அச்சு அனுப்புவார்கள்.
முகம் தெரியாத வாய்களை
மேசையில் வரிசையாய் வைத்துக்கொண்டு
மெழுகு உருக்குவது என் பிழைப்பு.

கீழே ஷட்டருக்குள்
ஐம்பத்திரண்டாம் வருஷத்து ரைலி
நான்கு செங்கல் தூண்களின்மேல் நிற்கிறது.
நெல்லிக்குப்பத்தில் ஒரு மாட்டுக்கொட்டகையிலிருந்து
லாரியில் ஏற்றி வந்தோம்.
பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது.
முட்டைகளை எண்ணித் திருப்பிக் கொடுத்தோம்.

முன்சக்கரத்துக்குச் சுருள் ஸ்பிரிங் கிடையாது அதில்.
பக்கத்துக்கு ஒன்றாய் நீளக் கம்பி,
முறுகிமுறுகிப் பள்ளத்தை வாங்கிக்கொள்ளும்.
வலதுபக்கத்துக் கம்பியைக் காணோம்.

"அம்பாசடர் சாமான் போட்டுப் பாத்துடலாம்"
என்றான் இளவழகன்.
போட்டோம்.
அரை நூல் தள்ளி நின்று சிரித்தது.

நட்டுகளில் எதற்கும் நம்மூர் ஸ்பேனர் உட்காரவில்லை.
துறைமுகத்தில் போட் இன்ஜின் பிரிக்கிற கலியவரதன்
துருவேறிய பிஸ்கட் டின்னைத் திறந்தார்.
பழைய அங்குலக் கணக்கில் ஏழு ஸ்பேனர்.
"பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும்.
இது கடலுக்குப் போற இன்ஜினுக்கு,
ஷோக்குக்குப் போறதுக்கு இல்ல."

பதினோரு மாதம் கழித்துச் சீமையிலிருந்து கம்பி வந்தது.
சுங்கவரியோடு சேர்த்தால்
நாற்பது பேர் மெல்லுவதற்கான காசு.
எண்ணெய்க் காகிதத்தைப் பிரித்தேன்,
முனையில் எல் என்று ஓர் எழுத்து.
இடது.
நான் எழுதியது வலதுக்குத்தான்.
மாற்றிப் போட முடியாது.
ஒரே திசையில் முறுகப் பழக்கிய இரும்பு,
எதிர்த்திசையில் முறுக்கினால்
ஒருநாள் சொல்லாமல் ஒடியும்.

ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகையில்
முதுநகர் மார்க்கெட்டில் அஞ்சலாட்சி கடை.
பூவன் ஐந்து தார், ஏலக்கி இரண்டு.
தொங்கவிட்டிருந்த கம்பி மயிரிழையும் தொய்யவில்லை.
அதன் முனைக்குப் பல் இருந்தது.

சட்டைப்பையில் எப்போதும் மெழுகு இருக்கும்.
அழுத்தி எடுத்தேன்.
"இன்னா டாக்டரே, கம்பிக்கும் பல்லு கட்டறியா?"
"நான் டாக்டர் இல்லீங்க."
"அப்ப எதுக்கு அதும் வாயில கைய வுடற?"

ராத்திரி வண்டியின் குழிக்குப் பிளாஸ்டர் ஊற்றி
மெழுகோடு சேர்த்துப் பார்த்தேன்.
மேல்தாடையும் கீழ்த்தாடையுமாய்
உட்கார்ந்துகொண்டன.

ஐந்நூறு என்றேன். இரண்டாயிரம் என்றேன்.
"காசுல தார் மாட்ட முடியுமா?
எம் மாமனாரு காயலான் கடையில எடுத்தது.
தானே புயல்ல கூரையே போச்சு,
இது போவல."

மறுநாள் சீமைக்கம்பியைத் தோளில் வைத்துக்கொண்டு போனேன்.
இரண்டு தார் மாட்டினாள்.
ஏழும் மாட்டினாள்.
தாரையெல்லாம் இறக்கிவிட்டு
அக்கம்பக்கம் பார்த்து
தானே ஒருதரம் தொங்கிப் பார்த்தாள்.
"பளபளன்னு கெடக்கு, எவனாவது தூக்கினு பூடுவான்.
பச்சை பெயின்ட் அடிச்சிக் குடு."
அடித்துக் கொடுத்தேன், இரண்டு கோட்டிங்.

பழையதைச் சுரண்டினேன்.
பச்சைக்கடியில் நீலம், அதற்கடியில் காவி,
பிறகும் ஒரு பச்சை.
பொங்கலுக்குப் பொங்கல் பூசிய பெயின்ட்
துருவை அண்டவிடவில்லை.
கடைசியில் ஆர் தெரிந்தது.
இந்த வண்டியிலிருந்தே போனதுதானா?
கொட்டகைக்காரர் செத்து ஆறு வருஷம்.
கோழிக்கும் தெரிந்திருக்காது.

ஸ்டியரிங் ரேக்குதான் இன்னும் கிடைத்தபாடில்லை.
பிரித்துக் கழுவிப் பார்த்தபோது
நடுப்பற்கள் மழுங்கியிருந்தன.
நேராய்ப் போகிற ரோடுதானே அதிகம்.
ஓரத்தில் இருந்தவை
செய்து இறக்கிய நாள்போல் கூராக இருந்தன.
மனுஷ வாயில் கடைவாய்தான் முதலில் தேயும்.
கிரீஸ் தடவி அப்படியே மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை
சில்வர் பீச் ரோடு.
பள்ளத்தை வலதுபக்கம் வாங்கிக்கொண்டது
ஒரு முனகலும் இல்லாமல்.
ஸ்டியரிங்கை நான்கு விரற்கடை அசைத்தாலும்
சக்கரம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.
இல்லாத பிரேக்கை
மிதித்துக்கொண்டே வந்தான் இளவழகன்.

தேவனாம்பட்டினம் திருப்பத்தில்
வலையை உதறிக்கொண்டு நாலு பேர்.
முழுக்க ஒடித்தேன்.
யாரும் தொடாத பற்கள்
கப்பென்று கடித்தன.