நானூற்றுப் பதினெட்டாவது படம்

வெள்ளிமீன் கழகத்தின் செயலாளர்
இறுதிப் போட்டிக்கு முதல்நாள் வீட்டுக்கு வந்தார்,
நீல ரீசேட் ஒன்றோடு.
முதுகில் என் பெயர். எழுத்துப்பிழைகூட இல்லை.
"எங்கட பிள்ளை, எங்கட உடுப்பு" என்றார்.
வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள்
மூன்று தேத்தண்ணி ஆறிவிட்டது.

போன வருடம் எழுதியிருந்தேன்:
எங்கள் அணி அரையிறுதிக்குத் தெரிவு.
குகநேசன் சிவப்புப் பேனையால்
முதற்சொல்லை மட்டும் சுழித்து
பக்கத்தில் கேட்டிருந்தார்: யாருடைய?

இலக்கணத்தில் நாம் வேறு, நாங்கள் வேறு.
ஒன்றில் கேட்பவருக்கும் இடமுண்டு,
மற்றதில் இல்லை.
யாழ்ப்பாணத்தில் நாங்கள்
நாம் என்று கதைப்பதில்லை.
எல்லாவற்றுக்கும் நாங்கள்தான்.
யார் உள்ளே, யார் வெளியே என்பதை
முகத்தைப் பார்த்தே அறியவேண்டும்.

துரையப்பா அரங்கு. எதிரணி ஏழாலை இளங்கதிர்.
எண்பத்தெட்டாவது நிமிடம்வரை ஒன்றுக்கு ஒன்று.
கோணர் கொடிக்கு மூன்றடி தள்ளி
சுண்ணாம்புக் கோட்டுக்கு இந்தப்பக்கம்
முழங்காலில் இருந்தேன்.

பாசையூரில் நான் பிறந்த ஒழுங்கையில்தான்
ஜெனோசனும் பிறந்தான்.
அவனுடைய முதல் பந்து எங்கள் கிணற்றில் விழுந்தது.
இதை எந்தச் செய்தியிலும் எழுதியதில்லை.

பந்து உயர்ந்து வந்தது.
நடுவரின் கண்ணுக்கும் பந்துக்கும் இடையில்
தடித்த பின்கள வீரர் ஒருவர்.
என் கமராவுக்கு முன்னால் எவரும் இல்லை.

0417:
இடது முழங்கை, பந்து.
பந்தின் தையல்கூடத் தெரிகிறது.

கோல்.

இரவு ஒன்பதரை, பக்கம் மூடும் நேரம்.
பதின்மூன்று தவறிய அழைப்புகள்.
பதினான்காவதை எடுத்தேன்.
"நடுவரே குடுத்திட்டார் பிள்ளை, உனக்கென்ன?"

எனக்கென்ன என்று கொஞ்சம் யோசித்துவிட்டு எழுதினேன்:
பந்து ஜெனோசனின் இடது முழங்கையில் பட்டு
வலைக்குள் சென்றது. நடுவர் கோல் வழங்கினார்.

மோசடி என்று எழுதவில்லை.
அதிர்ஷ்டம் என்றும் எழுதவில்லை.
இரண்டு வசனத்துக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளி,
அதிலேயே நெடுநேரம் இருந்தேன்.

குகநேசன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.
"இதுக்கு அடுத்தது எங்க?"
"சரிவரேல்லை" என்றேன்.
பொய்யில்லை அது.

விடிந்தபோது
கழகத்து வாட்ஸப் குழுவில் நான் இல்லை.
இருந்திருக்கவே கூடாது.
ஏழாலைக்காரருக்கு அது தெரிந்திருந்தால்
என் இரண்டு வசனத்தையும் யார் நம்பியிருப்பார்?
அங்கிருந்து ஒருவர் எடுத்து
நேர்மைக்கு நன்றி என்றார்.
அந்த நன்றியும் நல்லாயில்லை.
ரீசேட்டைப் போலவே
அளவெடுத்துத் தைத்ததாக இருந்தது.

சந்தையில் ஜெனோசனின் தாய் றெஜினாக்கா.
வழமையாகத் தட்டு என் பக்கம் தாழ்ந்தபிறகும்
ஒரு கைப்பிடி சூடை அள்ளிப் போடுவா.
இன்று தராசின் முள் நடுவில் வந்து நிற்கும்வரை
ஒரு மீனை எடுத்தா, இன்னொன்றை வைத்தா,
அதைவிடச் சின்னன் ஒன்றைத் தேடினா.
"அரைக் கிலோ. சரியோ எண்டு பாருங்கோ."

பாருங்கோ.
இருபத்தெட்டு வருடத்தில்
என்னை அவ பன்மையில் விளித்தது அன்றுதான்.
சரியாகத்தான் இருந்தது.
காசை எண்ணிக் கொடுத்தேன். எண்ணி வாங்கினா.

0418ஐ இன்னும் அழிக்கவில்லை.
அதில் ஜெனோசன் இல்லை, பந்தும் இல்லை.
வெள்ளைக்கோடு சரிந்து கிடக்கிறது.
மூலையில் கலங்கலாக ஒரு சப்பாத்து,
என்னுடையது,
கோட்டுக்கு அந்தப்பக்கம்.
மாலை வெயிலில் அதன் நிழல்
அதைவிட்டுத் தள்ளி
நிலத்தில் விழுந்திருக்கிறது.