நாற்பத்தோராம் பக்கம்

பிராண்டனில் மார்ச் இன்னும் மார்ச் ஆகவில்லை.
ஆலயத்தின் நிலவறையில் ஹீட்டர் கனைக்கிறது.
ஏழு பேருக்கும் ஒரே பிரதி, நூலகத்தின் முத்திரையோடு;
தவணையை மூன்று முறை நீட்டி வாங்கியவள் நேசமலர்.

கதை இவ்வளவுதான்:
கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்த அபிகேல்
செய்தித்தாளில் மணமகள் தேவை பார்த்து ரயிலேறி
முகமறியாத சைலஸின் கோதுமைப் பண்ணைக்கு வருகிறாள்.
அவன் ஜெபத்தை விட்டவன்.
நானூறு பக்கம் கழித்து முழங்காலிடுவான்.

"அது அட்டையைப் பார்த்தாலே தெரிகிறது" என்றாள் இமெல்டா.
"அவள் கூந்தலில் ஒரு முடிகூடக் கலையவில்லை.
எழுதினவள் இந்த ஊர்க் காற்றில் ஒருநாள் நின்றதில்லை."
பன்றி இறைச்சி ஆலையில் இரவு வேலை முடிந்து
காலை ஆறரைக்குப் பேருந்துக்கு நிற்பவள் அவள்.
காற்றைப் பற்றி அவள் சொன்னால் நாங்கள் மறுப்பதில்லை.

பக்கத்துப் பண்ணைக்காரியின் பிரசவத்தை
ஜெயசீலி ஒத்துக்கொள்ளவே இல்லை.
முப்பது வருடம் லேபர் வார்டு.
"ஒரு சட்டி வெந்நீர், ஒரு சங்கீதம், பிள்ளை வந்துவிட்டது!
நஞ்சுக்கொடியை யார் எடுத்தார்கள்? கர்த்தரா?"

போதகரின் மனைவி தேநீரைக் கீழே வைத்தார்.
அவருக்குப் பிடித்திருந்தது.
கெட்ட வார்த்தை இல்லை, மகளிடம் நம்பிக் கொடுக்கலாம்,
முத்தம்கூட ஒன்றே ஒன்று,
அதுவும் ஓலை வாசித்த பிறகு.

"அந்த ஒன்றும் மூன்றே வரி, எண்ணிப் பார்த்தேன்" என்றாள் நேசமலர்.
"நடுராத்திரி களத்துமேட்டுக்குப் போய்
போர்வையை விலக்கிப் படுத்தவளைப் பற்றி
பீடத்தில் நின்றே வாசிக்கிறோம்.
இந்த அபிகேலுக்குக் கையுறையைக் கழற்ற மட்டும்
ஏன் இத்தனை பயம்?"
ஹீட்டரும் சேர்ந்து சிரித்தது.

காரோட்ட மட்டும் வந்தவர் அருமைநாயகம்.
மூலையில், ஃபோனிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்:
"அவர்கள் உழுத நிலம் யாருடையது?
'காலியாய்க் கிடந்த வெளி' என்று ஒரு வரி, அதோடு சரி.
ஆட்கள் இருந்த ஊரைக்
காலி என்று எழுதினதை நான் பார்த்திருக்கிறேன்."
அவர் வன்னியில் பிறந்தவர்.
கொஞ்ச நேரம் யாரும் தேநீர் ஊற்றவில்லை.
பிறகு அவரே, "குதிரை சாகிற இடம் நல்லாயிருக்கு" என்றார்.
கணவர் முழுப் புத்தகமும் வாசித்திருக்கிறார் என்பது
இமெல்டாவுக்கே அப்போதுதான் தெரியும்.

என் முறை.
நடையும் இனிப்பு, முடிவும் இனிப்பு, திகட்டுகிறது என்று
எழுதி வந்த தாளைப் பார்த்து வாசித்தேன்.

தாளில் இல்லாதது நாற்பத்தோராம் பக்கம்.
ரயில் நின்றுவிட்டது, அவள் இறங்கவில்லை.
படியில் ஒரு கால் வைத்தபடி
நடைமேடையில் நிற்கும் மூன்று ஆண்களில்
எவன் தன்னுடையவன் என்று தேடுகிறாள்.

இருபத்தொரு வருடத்துக்கு முன்
வின்னிபெக் விமான நிலையத்தில்
பாஸ்போர்ட் அளவுப் படம் ஒன்று உள்ளங்கையில் வியர்க்க
நான் நின்ற நிமிடம் அது.
பின்னட்டையில் இரண்டு நாய்களோடு சிரிக்கும் இவளுக்கு
அதை யார் சொன்னது?
படத்தில் இருந்த மீசையை அவர் எடுத்துவிட்டிருந்தார்.
நான் வேறு ஒருவரைப் பார்த்துச் சிரித்துவிட்டேன்.
அந்த ஒன்று மட்டும் இவளுக்குத் தெரியவில்லை;
சைலஸுக்கு மீசை கடைசிவரை இருக்கிறது.

ஐந்துக்கு எவ்வளவு என்று கேட்டாள் நேசமலர்.
இரண்டரை என்று முடிவானது.
போதகரின் மனைவிக்காக மூன்றாக்கினோம்.

திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு எனக்கு.
காரில் விளக்கைப் போட்டு ஒருமுறை திறந்தேன்.
நாற்பத்தோராம் பக்கத்தின் மேல்மூலை மடிந்திருக்கிறது,
மடிப்பில் லேசாய் மஞ்சள் கறை.
மடித்தது நானில்லை.
என் கைக்கு வரும் முன்பே அது மடிந்திருந்தது;
எனக்கு முன் வாசித்தவர்கள் நால்வர்.
ஒவ்வொருவராய் எல்லாரும் வண்டியேறிப் போகிறார்கள்,
கையசைக்கிறார்கள்.

மடிப்பை நீவாமல் மூடினேன்.