பதினொரு விநாடி

டயர் கடைக்குப் பின்னால் எங்கள் சங்கம்.
வியாழன்தோறும் ஒன்பது மணிக்கு
எர்மெலிந்தா மேசையின் எண்ணெயைத் துடைப்பாள்,
நான் நோட்டை விரிப்பேன்.
ஆண்டிஸ் மலை சன்னலை அடைத்துக்கொண்டு நிற்கும்.
எங்களுக்கு வேண்டியது
அதற்கு மேலே மிச்சமிருக்கும் ஒரு முழ வானம்.

பதினாறு வருடம், முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவுகள்.
இருநூற்றுத் தொண்ணூற்றெட்டை நாங்களே தள்ளிவிட்டோம்.
வெள்ளிக் கோள் மட்டும் எழுபத்து மூன்று முறை
வந்து ஏமாற்றியது.
ரயில்பெட்டிபோல் கோத்துப் போகும் செயற்கைக்கோள்கள்,
செம்புச் சுரங்கத்தின் இரவு விளக்கு,
கல்யாணத்தில் பறக்கவிட்ட காகித விளக்கு
(மாப்பிள்ளை ஒப்புக்கொண்டான், பெண் இன்றுவரை இல்லை).
தள்ளியதில்தான் எங்களுக்குப் பெருமை.
"அது வெள்ளிதான்" என்று
எந்தப் பேப்பரும் முதல் பக்கத்தில் போட்டதில்லை.

வெட்டி ஒட்டுவது என் பொறுப்பு.
மருந்துக் கடையில் மாத்திரை அட்டை நறுக்கும்
அதே கத்தரிக்கோல்.
முதல் வருடச் செய்திகளில் ஆச்சரியக்குறி:
எங்கள் மொழியில் முன்னால் தலைகீழாய் ஒன்று,
பின்னால் நேராய் ஒன்று,
இரண்டு பேர் கட்டில் தூக்கி வருவதுபோல.
அப்புறம் கேள்விக்குறி.
அப்புறம் "சாட்சி" என்ற சொல்லே
மேற்கோள் குறிக்குள் போயிற்று.
கடைசியில் ராசிபலனுக்குக் கீழே நாலு வரி,
குறி எதுவும் இல்லாமல்.

போன ஜூலையில் சாந்தியாகோவிலிருந்து
வெள்ளை வேனில் டிவிக்காரர்கள் வந்தார்கள்.
பால் லாரி ஓட்டும் பால்தொமேரோ
அண்ணன் சாவுக்கு வாங்கிய கோட்டைப் போட்டுக்கொண்டு
நாற்பது நிமிடம் பேசினான்.
"அது என்னவென்று நான் சொல்லவில்லை.
எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்கிறேன்."
அன்று குடித்திருந்தீர்களா, என்றாள் நிருபர்.
பொய் வராது அவனுக்கு.
"மதியம், இரண்டு கிளாஸ்."

அதுதான் வந்தது. பதினொரு விநாடி.
பின்னணியில் விசில் சத்தம், ஓரத்தில்
பச்சைத் தலையோடு ஒரு பொம்மை கண்ணடித்தது.
மறுநாள் காலை லாரியின் கண்ணாடி முழுக்க
யாரோ அலுமினியத் தாள் சுற்றியிருந்தார்கள்.
பண்ணை மேலாளர் "வாங்க கேப்டன்" என்றார்.

இரண்டு வியாழன் அவன் வரவில்லை.
மூன்றாவது வியாழன் வந்து, யாரிடமும் பேசாமல்
பதிவுப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பினான்.

நாள்: ஜூலை பத்தொன்பது, ஞாயிறு.
நேரம்: இரவு ஒன்பது நாற்பது.
திசை: தலைநகரிலிருந்து எங்களை நோக்கி.
நீடித்தது: பதினொரு விநாடி.
ஒலி: சிரிப்பு. ஆட்கள் தெரியவில்லை.
வடிவம்: என் முகம் மாதிரி.
சாட்சிகள்: நாடு முழுக்க.
விளக்கம் என்ற கட்டம் காலி.

எர்மெலிந்தா முப்பது வருடம் கணக்கு டீச்சர்,
சிவப்புப் பேனாவுக்கு இரக்கம் தெரியாது.
மூன்று முறை படித்தாள்.
பழக்கதோஷத்தில் கோள் அட்டவணையைப் புரட்டினாள்:
அந்த வாரம் வெள்ளி விடியலில்தான்.
"தள்ள முடியாது" என்றாள்.
முந்நூற்றுப் பதின்மூன்று.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்றிரவே
கதவைப் பூட்டும்போது மலைமுகட்டுக்கு மேல் ஒரு வெளிச்சம்.
பால் நிறம். நாலு நிமிடம் அசையவில்லை.
நோட்டு உள்ளே மாட்டிக்கொண்டது, சாவி யாரிடம் என்று சண்டை.
குளிரில் பேனா எழுதவில்லை,
அக்குளில் வைத்துச் சூடாக்கினேன்.
கோட்டுப் பையில் கிடைத்த ஒரே காகிதம்
நிருபர் கொடுத்துவிட்டுப் போன விசிட்டிங் கார்டு.
"எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்"
என்று சொல்லித்தான் கொடுத்தாள்.
அதன் பின்பக்கத்தில் குறித்தேன்:
முகட்டிலிருந்து மூன்று விரல் உயரம், கிழக்கு.
பால்தொமேரோ எனக்காக விநாடிகளை எண்ணினான்,
குரல் ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

மறு வாரம் எர்மெலிந்தா கண்டுபிடித்துவிட்டாள்:
எல்லைச் சாவடியின் புதுத் தேடுவிளக்கு,
பனிமேகத்தில் பட்டிருக்கிறது.
தள்ளினோம்.
கார்டை நோட்டில் ஒட்டினேன்,
நான் எழுதிய பக்கம் மேலே இருக்கும்படி.
பசை நிறையவே போட்டேன்.