னகர ஒற்று

செட்டியார் தெருவில் மிளகாய் மண்டிக்கு மேலே
எங்கள் சபை பிறந்தது.
எந்தத் தீர்மானத்தையும் அங்கே
இருமாமல் யாரும் முன்மொழிந்ததில்லை.
பதினோரு பேர், ஒரு பெற்றோல்மாக்ஸ்,
துறைமுகத்துச் சங்கு ஊதும்போதெல்லாம்
பாதியில் நின்று போகும் தேவாரம்.
குறிப்புப் புத்தகம் என் கையில்.
கப்பல் கந்தோரில் கிளாக்கர் நான்;
எழுத்து அழகென்று கொடுத்துவிட்டார்கள்.

கோயில் வாசலில் கிடாய் வெட்டலாகாது:
ஏகமனதாக.
தேர்த் திருவிழாவுக்குச் சின்னமேளம் வேண்டாம்:
ஏகமனதாக. பொருளாளர் மட்டும்
கொஞ்சம் யோசித்துக் கை தூக்கினார்.
கிடாய் எங்களுடையதல்ல.
ஆடியவளும் எங்கள் வீட்டவளல்ல.

மூன்றாவதுதான் வீடு வரை வந்தது:
பெயருக்குப் பின்னால் தொங்கும் சாதியை
இன்றே அறுப்பது.
பிரக்கிராசி தில்லைநாத முதலியார்
தம் முதலியாரைத் தாமே அடித்தார்,
சிவப்பு மை, ஒரே கோடு.
கைதட்டல்.
"பிள்ளையை எப்படி ஐயா வெட்டுவது?"
என்றார் சங்கரப்பிள்ளை.
சிரித்தோம், இருமினோம்.

கதவோரம் நின்றவர் அப்போதுதான் வாய் திறந்தார்.
முனிசிபாலிட்டி லயத்திலிருந்து
மூன்று கிழமையாக வருகிறார்,
பாயில் இடமிருந்தும் நின்றுகொண்டே.
"எனக்கு வெட்ட வால் ஒண்ணும் இல்லீங்க.
வெயிலான்னு வச்சாங்க.
அதுல கடைசி எழுத்தை மட்டும்
மாத்தித் தர சபையில வழி இருக்கா?"

பலருக்கு விளங்கவில்லை.
எனக்கு விளங்கியது.
என் பேனா அதற்குள்
வெயிலான் எழுந்து கேட்டான் என்று
எழுதி முடித்திருந்தது.

எல்லாரும் சொன்னார், மொழிந்தார், சிரித்தார் என்றிருந்த
அந்தப் பக்கத்தில்
இரண்டே இரண்டு னகர ஒற்று,
மை காயாமல்.

"இன்றைக்கு எழுத்து, நாளைக்குக் கோயிற்படி"
என்றார் சங்கரப்பிள்ளை.
"அதுக்குத்தானே வந்தேன்" என்றார் வெயிலார்.

கை தூக்கச் சொன்னார்கள்.
ஐந்து, எதிராக ஐந்து.
ஆறாவது கை என்னுடையது.
பேனாவைக் கீழே வைக்க வேண்டியிருந்தது,
அதனால்தான் தாமதமென்று
இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

ஐந்து சோடிச் செருப்பு படியிறங்கியது.
ஏகமனதாக என்ற சொல்
அன்றோடு அந்தப் புத்தகத்தில் தீர்ந்தது.

னகரத்தை எத்தனை வளைத்தாலும் ரகரம் ஆகாது.
சவரக் கத்தியால் சுரண்டினேன்.
தாள் கிழிந்து,
பின்பக்கத்து வரவுசெலவில் ஒரு துளை,
வாடகை ரூபாய்க்கு நடுவே.

மறுமாதம் பாய் போதவில்லை.
நிலக்கரி இறக்குகிறவர்கள்,
கொம்பனித்தெருவிலிருந்து இரண்டு தையற்காரர்,
கைக்குழந்தையோடு சிவகொழுந்து என்றொருத்தி.
ஒருத்தி என்று எழுதிவிட்டேன் பாருங்கள்.
ஒருவர்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில்,
தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன்.
வாசலில் யாரோ தட்டினார்கள்.
"ஆரோ ஒருத்தன் நிக்கிறான்" என்றாள் மனைவி.
"என்னவாம் அவனுக்கு?" என்று
உள்ளிருந்தே கத்தினேன்.

மழையில் நின்றார் வெயிலார்.
உள்ளங்கையில் சந்தாக் காசு, ஐந்து சதம்.
கதவுப் பலகை மெல்லியது.
கேட்டிருப்பார்.
"உள்ளே வாங்கோ" என்றேன்.
"கால் ஈரமா இருக்கு" என்றார்.
ட்ராம் ஒன்று மணியடித்துத் திரும்பும் வரை
இருவரும் அதையே பார்த்தோம்.

ரசீதுப் புத்தகம் எடுத்து வந்தேன்.
"இந்தத் தடவை
மொதல்லயே சரியா எழுதிடுங்க.
தாள் மிஞ்சும்."

எண்ணெய்க் கை.
பட்ட இடமெல்லாம் மை பிடிக்க மறுத்தது.
மூன்று தரம் எழுதினேன்.
அவர் அவசரப்படவில்லை.