மீதித் தூரம்

கொட்டகலை. காலை ஐந்து இருபத்தைந்து.
டேஷ்போர்டில் பச்சை எழுத்தில்: 38.
தூரம் எவ்வளவு என்று அதற்குத் தெரியும்,
மேடு எவ்வளவு என்று எனக்குத்தான் தெரியும்.

பின் சீட்டில் புஷ்பலீலா டீச்சர்,
தபால் கந்தோர் நிமலசிறி,
முன்னால், மடியில் சோற்றுப் பெட்டியோடு
ஆஸ்பத்திரி அந்தோனிமுத்து.
ஆளுக்கு மாதம் ஒரு தொகை, என் லீசிங்கில் பாதி.
அதனால் கண்ணாடியை ஏற்றவும் இறக்கவும்
எல்லாருக்கும் உரிமை.

சென்கிளேயர் வளைவில்
அருவி நூலாகத் தொங்குகிறது.
மிச்சத் தண்ணீர் மலைக்குள்ளே நடந்து
கரண்டாகி
நேற்றிரவு இந்தக் காருக்குள் ஏறியது.
கடன் தந்தவர் வாசலைக் கடக்கிறவள்போல்
நான் நேராக ரோட்டைப் பார்க்கிறேன்.

ரதல்லை ஏற்றம்.
19. 12. 6.
பிறகு ஒரு சின்னத் தும்மல்,
பெற்றோல் எஞ்சின் எழும்பிவிட்டது.
அது சக்கரத்தைத் தொடாது.
கரண்டை மட்டும் ஆக்கிக் கொடுக்கும்,
பந்திக்கு வராமல்
அடுப்படியிலேயே நிற்கும் சமையல்காரன்போல.

அந்த வருஷம் மூன்று லீற்றருக்காக
இரண்டு இரவு வரிசையில்
ஆட்டோவுக்குள் முடங்கிக் கிடந்த அந்தோனிமுத்து
ஒவ்வொரு நாளும் இந்த இடத்தில் கேட்பார்:
"தங்கச்சி, குடிக்குதா?"
"ஒரு மிடறு அண்ணன்."
"ஒரு மிடறுன்னா பரவாயில்ல."

நாள் முழுக்க மற்றவர்கள் இரத்தத்தைக்
கண்ணாடிக் குழாயில் ஆட்டிப் பார்த்துவிட்டு
ஐந்து மணிக்கு இறங்குகிறேன்.
முன்னால் போகும் லொறியில்
பிரேக் கருகும் வாடை.
எனக்கோ காலை எடுத்தால் போதும்,
எண் ஏறுகிறது: 4, 7, 11.
காலையில் வாங்கியதை மலை திருப்பித் தருகிறது,
முழுதாக அல்ல.
மலையும் தோட்டத்துச் சம்பளச் சீட்டு மாதிரிதான்,
பிடித்தது போகத்தான் கைக்கு வரும்.

பெட்டரிக்கு இன்னும் மூன்று வருஷ உத்தரவாதம்,
தாளில், முத்திரையோடு.
அது நிற்கும் இந்த லயத்து வாசலுக்கு
ஒரு துண்டுத் தாள் இல்லை.

இரவில் உடனே வயரைக் குத்த முடியாது.
குத்தினால் பக்கத்துக் காம்பராவில்
பல்பு மஞ்சளாகிச் சோர்ந்துவிடும்.
தர்சிகாவுக்கு டிசம்பரில் பரீட்சை.
படித்து முடித்ததும் சுவரில்
இரண்டு தட்டுத் தட்டுவாள்.
அதுதான் எங்கள் ஒப்பந்தம்.

இன்று பதினொன்றரை.
வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கிறேன்.
பனி காரின் முதுகில் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது.
தட்டுச் சத்தம் இல்லை.
கணக்குப் பாடமாயிருக்கும்,
அவளுக்கு அதுதான் இழுக்கிறது.

படிக்கட்டும்.
நாளைக்கு இது
இன்னும் இரண்டு மிடறு குடித்துவிட்டுப் போகட்டும்.