பெருமழைக்கு அல்ல, தூறலுக்கு

ஐப்பசி பிறந்து மூன்றாம் நாள்
சாம்பல்தீவுப் பாலம் தாண்டியதும் நின்றது வேன்.
பின்னால் பதினொரு பிள்ளைகள்,
பதினொரு தண்ணீர்ப் போத்தல்கள்.
திறப்பைத் திருகினால் சுற்றுகிறது,
சுற்றிக்கொண்டே இருக்கிறது,
பற்றவில்லை.
நமுத்த நெருப்புக்குச்சியை
உரசி உரசி மருந்து தேய்ந்த மாதிரி.

கார்ப்ரேட்டர் என்றார் மச்சான்,
கொழும்பிலிருந்து, போனில், பார்க்காமலே.
பெற்றோலில் தண்ணீர் என்றான் செட்டில் நிற்கிற கிருபா,
அடுத்த செட்டுப் பெற்றோலை.
கண்ணூறு என்று மாமி கட்டிவிட்ட தேசிக்காய்
பம்பரிலேயே அழுகியது.
அதற்குப் பிறகும் இரண்டு தரம் நின்றது.

ஜௌபர் இரண்டு முறை பிளக் மாற்றினார்.
"இஞ்ச வந்தா ஒழுங்கா ஓடுது அக்கா,
நான் என்னத்தப் பிடிக்கிற?"
பொய்யில்லை.
அவருடைய கராஜுக்குக் கூரை இருக்கிறது.

வான் காசு எழுதுகிற கொப்பியின்
கடைசித் தாளில் குறித்துக்கொண்டு வந்தேன்:

திங்கள். கொட்டு கொட்டென்று கொட்டியது.
அலஸ்தோட்டத்தில் சில்லு மறையத் தண்ணீர்.
நிற்கவில்லை.
செவ்வாய். தூறல். நின்றது, உப்புவெளியில்,
ஒரு பிள்ளை வரும்வரை பத்து நிமிடம்
எஞ்சினை நிறுத்தி வைத்த இடத்தில்.
புதன். வெயில்.
வியாழன். மழையே இல்லை,
கடற்பக்கமிருந்து புகார் மட்டும்.
காலையில் ஸ்டார்ட் எடுக்கவே இல்லை.
வெள்ளி. மிதுர்ஷன் இன்னும் காசு தரவில்லை.
(இது வேறு கணக்கு.)

அந்தத் தாளை இரவு திரும்பத் திரும்பப் பார்த்தேன்.
பெருமழைக்குப் பயப்படாத வேன்
தூறலுக்கு ஏன் பயப்படுகிறது?
ஓடும்போது தன் சூட்டிலேயே காய்ந்துவிடுகிறது.
நின்று ஆறினால்தான்
ஈரம் வந்து குந்துகிறது.
தேட வேண்டியது விழுகிற தண்ணீரை அல்ல,
குந்துகிற தண்ணீரை.

சனி இரவு.
எங்கள் ஒழுங்கையில் ஒரு மாதமாக லைட் இல்லை.
முதல்முறையாக அதற்கு நன்றி சொன்னேன்.
முன் சீற்றைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டு,
துணி மினுக்க வைத்திருந்த ஸ்ப்ரே போத்தலை எடுத்தேன்.
தவசீலன் ரோச் பிடித்துக்கொண்டு நின்றார்.
"அணையுங்கோ."
"அணைச்சா என்னெண்டு பாக்கிறது?"
"அணையுங்கோவன்."

புஸ். ஒன்றுமில்லை.
புஸ். முதல் வயர், இரண்டாவது வயர், ஒன்றுமில்லை.
புஸ்.
மூன்றாவது வயரின் முழங்கையில்
நீலமாக ஒரு புழு
நெளிந்து வந்து இரும்பைத் தொட்டுச் செத்தது.
இன்னொன்று.
எஞ்சின் இருமியது.
டிக், டிக், டிக் என்று
ஒரு சிற்றூரே விளக்கேற்றி அணைத்தது போல
அந்தக் கறுத்த பெட்டிக்குள்.
உள்ளே போக வேண்டிய நெருப்பு
பாதி வழியில் இறங்கிப் போகிறது,
வான் காசு கொடுக்காமல்.

தவசீலன் மூச்சுவிடவில்லை.
நானும்தான்.
பதினாறு வருடத்தில் இருட்டில் இருவரும்
இவ்வளவு கவனமாக எதையும் பார்த்ததில்லை.

எஞ்சினை நிறுத்தி
டிஸ்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினால்
உட்புறம் ஒரு கோடு.
பென்சிலால் யாரோ கீறியது போல,
நகத்தால் சுரண்டினாலும் போகாதது.
வெயிலில் பார்த்திருந்தால்
அழுக்கென்று துடைத்திருப்பேன்.
மூடியும் நாலு வயரும்
ஆறாயிரத்து நானூறு.
கடைக்காரர் "மெக்கானிக் யார்?" என்று கேட்டார்.
மிச்சக் காசை எண்ணி வாங்கினேன்.

செவ்வாய், தூறல்.
பஸ் ஸ்ராண்டுக் கூரைக்குக் கீழே மான்கள்
ஆட்களோடு ஆட்களாய் ஒதுங்கி நின்றன.
நான் வேண்டுமென்றே எஞ்சினை நிறுத்தினேன்.
பத்து நிமிடம். பதினைந்து.
திறப்பைத் திருகினேன்.
பாதிச் சுற்றிலேயே பற்றியது.

பின் சீற்றிலிருந்து மிதுர்ஷன்,
குரல் உடைந்து:
"அன்ரி, இண்டைக்கு நிக்காதா?
முதல் பாடம் கணக்கு."

பதில் சொல்லாமல் வைப்பரைப் போட்டேன்.
வலது பக்கம் மட்டும் அசைந்தது.